கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய செருப்பு

சென்னையிலிருந்து 58 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. கணவர் ஓய்வு பெற்றவர். ஐந்து வருடத்துக்கு முன் மகள் ஆசைப்பட்டு, 'அசல் பாமரேனியன்' என்று சொன்னவரிடம் 6,000 ரூபாய் கொடுத்து 45 நாள் நாய்க்குட்டியாக ஜூலியை (பெயர் மாற்றப்பட்டுள்ளது) வாங்கினார். வளர வளர ஒரு காது மடிந்தது, முதுகு நீண்டது, கால் மட்டும் குட்டையாகவே நின்றுவிட்டது. 'கிராஸை (கலப்பினத்தை) உங்கள் தலையில் கட்டிவிட்டான்' என்று எதிர்வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லியே ஆற்றாமை. மகள் வேலை கிடைத்து வெளியூர் போக, ஜூலி இப்போது அம்மாவின் பொறுப்பு. எடை 8.7 கிலோ.

இரண்டு மாதமாக இருமல், வாத்து கத்துவதுபோல். வீட்டில் இருந்த இருமல் சிரப்பை இரண்டு முறை கொடுத்தும் நிற்கவில்லை. வாய் நாற்றம், வாயருகே கை கொண்டுபோனால் உறுமல். இரண்டரை மாதத்துக்கு முன் ஹீட்டுக்கு (இணை சேரும் பருவத்துக்கு) வந்து போனது. அதற்குப் பிறகு கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய ரப்பர் செருப்பை வைத்துக்கொண்டு அங்கேயே கிடக்கிறது. 18 நாளுக்கு முன் நாலு வயது மகன்வழிப் பேரன் அந்தச் செருப்பை எடுக்கப் போக, விரலில் கடித்துவிட்டது. இரண்டு சொட்டு ரத்தம். மஞ்சள் வைத்துக் கட்டி, பக்கத்து கிளினிக்கில் டிடி ஊசி போட்டிருக்கிறார்கள். 'வீட்டு நாய்தானே' என்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடவில்லை. ஜூலிக்குக் கடைசியாக ரேபிஸ் ஊசி போட்டு இரண்டே கால் வருடம் ஆகிறது. இதற்கிடையில் குரைப்புச் சத்தத்துக்காகக் குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு கடிதம். லிஃப்டில் நாயை ஏற்றக் கூடாது, ஒரு மாதத்தில் நாயை அப்புறப்படுத்த வேண்டும் என்று அதில் இருக்கிறது.

கேள்விகள் நான்கு. இருமலுக்கு என்ன மருந்து? ஒரு தடவை குட்டி போட்டால் குணம் சரியாகிவிடும் என்கிறார்களே, இணை சேர்க்கலாமா? சங்கம் சொல்வது சட்டப்படி சரியா? பொள்ளாச்சிப் பக்கம் மைத்துனரின் தென்னந்தோப்பில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார் கணவர், செய்யலாமா?

அம்மா, நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லாமல், அவசரத்தின் வரிசையில் சொல்கிறேன். தோப்பில் விடுவதைப் பற்றிய கேள்வி கடைசியில்தான் வரும். 'குணம் கெட்டுவிட்டது' என்று நீங்கள் பட்டியல் போட்டிருப்பதில் பெரும்பகுதி உடம்பிலிருந்து வருவது. அதைப் பார்க்காமல் அந்த முடிவை எடுக்க முடியாது.

முதலில் பேரனின் விரல்

கடித்த நாயைப் பத்து நாள் கவனிப்பது ஏன் தெரியுமா? ரேபிஸ் கிருமி நாயின் எச்சிலில் வெளிப்படத் தொடங்கிவிட்டால், அந்த நாய் சில நாட்களிலேயே நோய்வாய்ப்பட்டு இறந்துவிடும். கடித்துப் பத்து நாள் தாண்டியும் நாய் நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். 18 நாள் ஆகியும் ஜூலி வழக்கம்போல் தின்று, நடமாடி, உங்களிடம் குழைகிறது என்றால் அந்தக் கடியால் பேரனுக்கு ரேபிஸ் வரும் என்று இனி நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் இந்தத் தேதிகளைக் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள். ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

இந்தத் தடவை தப்பித்தோம் என்பதால் நடந்தது சரி என்று ஆகிவிடாது. பல் பட்டு ரத்தம் வந்தால் மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது, கட்டும் போடக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் கழுவ வேண்டும். அன்றே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்கிவிட வேண்டும். பத்து நாள் பார்த்துவிட்டுப் போடலாம் என்று காத்திருப்பது தவறு. ஊசியைத் தொடங்கிவிட்டு நாயைக் கவனியுங்கள், நாய் நலமாக இருந்தால் மீதி ஊசிகளைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார். டிடி என்பது டெட்டனசுக்கான ஊசி. ரேபிஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஜூலிக்கு இந்த வாரமே ரேபிஸ் ஊசி போடுங்கள், வருடம் தவறாமல் தொடருங்கள். 'வெளியே போகாத நாய்' என்று எழுதியிருக்கிறீர்கள். மாடிப்படியில் ஏறிவரும் பூனை அதைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. கூடவே, விட்டுப்போன கூட்டுத் தடுப்பூசியையும் போட்டுவிடுங்கள். மழைக்காலத்துத் தேங்கிய நீரில் எலி மூத்திரம் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சலுக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. அன்று காய்ச்சல் இருந்தால் மட்டும் ஒத்திப்போடலாம். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது நம்மைவிட அதிகம். தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

செருப்பு சொல்லும் சேதி

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரி, நீங்கள் போகிற போக்கில் எழுதியதுதான்: 'மடி கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கிறது, பருமனால் இருக்கும்.' பருமனால் இல்லை அம்மா. ஜூலிக்கு வந்திருப்பது பொய்ச்சினை.

பெண் நாய் ஹீட் முடிந்தபின், இணை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் உடம்பு ஏறக்குறைய இரண்டு மாதத்துக்குச் சினை நாயைப் போலவே நடந்துகொள்கிறது. அந்தக் காலம் முடியும்போது ஹார்மோன் சட்டென்று இறங்கி, பால் சுரக்கத் தூண்டும் ஹார்மோன் ஏறுகிறது. சில நாய்களுக்கு அப்போது மடி பெருத்துப் பால்கூட வரும். மூலையைத் தேடிப் பள்ளம் பறிக்கும், பொம்மையையோ செருப்பையோ குட்டியாகப் பாவித்துக் காவல் காக்கும். கணக்குப் பாருங்கள்: ஹீட் வந்து எட்டாவது வாரத்தில் கடித்திருக்கிறது. பேரன் கை நீட்டியது உங்களுக்குச் செருப்பு, ஜூலிக்குக் குட்டி. அந்த நேரத்தில் எந்தத் தாய் நாயும் அதைத்தான் செய்யும்.

பொதுவாக இரண்டு மூன்று வாரத்தில் தானாக அடங்கும். அதுவரை மடியை அழுத்திப் பார்க்காதீர்கள், பாலைப் பீய்ச்சாதீர்கள், வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். தொடத் தொடச் சுரப்பு கூடும். மடி கல்லாகி, சூடாகி, சிவந்தால் உடனே காட்டுங்கள். அடங்காமல் நீண்டால் பால் வற்ற மாத்திரை உண்டு, எடை பார்த்து மருத்துவர் தருவார்.

இதே காலத்தில்தான் உண்மையிலேயே ஆபத்தான ஒன்றும் வரும்: கருப்பையில் சீழ் பிடிப்பது. பொதுவாக ஹீட் முடிந்து நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் தலைகாட்டும். தண்ணீர்ப் பாத்திரத்தை வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலி செய்வது, அடிக்கடி சிறுநீர், வாந்தி, சாப்பாட்டை மோந்துவிட்டுப் போவது, பின்பக்கம் கெட்ட வாடையோடு கசிவு. எல்லாம் சேர்ந்து வர வேண்டும் என்பதில்லை. கருப்பை வாய் மூடியிருந்தால் கசிவே இருக்காது, வயிறு மட்டும் உப்பும். இவற்றில் எதைப் பார்த்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும்.

அதனால் இணை சேர்க்கும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். ஒரு தடவை குட்டி போட்டால் குணம் அடங்கும், உடம்புக்கு நல்லது என்பது எல்லாத் தெருவிலும் சொல்லப்படுவதுதான், மருத்துவத்தில் அதற்கு ஆதாரம் கிடையாது. ஐந்து வயதில் முதல் பிரசவம், தேவைக்குமேல் இரண்டு கிலோ பருமன், இருமலுக்குக் காரணமாக நான் சந்தேகிக்கும் தொய்ந்த மூச்சுக்குழாய். குட்டி வழியில் சிக்கி நள்ளிரவில் அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டியிருக்கும். குட்டிகளை விற்கலாம் என்று உங்கள் உறவினர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, விற்பனைக்காக இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவும் கூடாது. ஜூலியை 45 நாளில் விற்றதே விதிமீறல்தான். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடித்தான் கற்றுக்கொள்கின்றன, அந்த வாரங்கள் அதற்குக் கிடைக்கவில்லை.

செய்ய வேண்டியது கருத்தடை அறுவை சிகிச்சை. இப்போதே வேண்டாம். பால் சுரந்துகொண்டிருக்கும்போது செய்தால் பொய்ச்சினை மாதக்கணக்கில் நீளக்கூடும். பால் முழுக்க வற்றி, ஹீட் வந்து மூன்று நான்கு மாதம் ஆகும் சமயம் சரியாக இருக்கும். உங்களுக்கு அது இன்னும் ஆறு வாரத்தில் வரும். மார்புக் கட்டி வராமல் தடுக்கும் பலன் முதல் ஹீட்டுக்கு முன்பே செய்திருந்தால்தான் முழுதாகக் கிடைத்திருக்கும். இந்த வயதில் அந்தப் பலன் குறைவு என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் சீழ்ப் பயமும் பொய்ச்சினையும் அறவே போய்விடும்.

வாத்துச் சத்தம்

மூச்சுக்குழாயை லாடம் மாதிரியான குருத்தெலும்பு வளையங்கள்தான் திறந்து பிடித்திருக்கின்றன. லாடத்தின் திறந்த பக்கத்தை மெல்லிய சவ்வு மூடியிருக்கும். சிறிய இன நாய்களில் பலவற்றுக்கு அந்த வளையம் காலப்போக்கில் தொய்கிறது. பரபரப்பில் வேகமாக மூச்சை இழுக்கும்போது, ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ராவை அழுத்தி உறிஞ்சினால் நசுங்குமே அதுபோல் குழாய் நசுங்கி, அந்த வாத்துச் சத்தம் வருகிறது. ஆள் வந்தால், கழுத்துப் பட்டையை இழுத்தால், தண்ணீர் குடித்தால் இருமுகிறது என்று நீங்கள் எழுதியது இதோடு பொருந்துகிறது. கலப்பினத்துக்கு நோய் வராது என்று நம்பிக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் சின்ன நாயாக இருந்தால், சின்ன நாயின் வியாதிகளும் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும்.

கடிதத்தை வைத்து நான் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. இதய வால்வு பழுது, தொற்று இருமல், உண்ணிக் காய்ச்சல் எல்லாமே இருமலாக வரலாம். இருமல் வரும்போது செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், மருத்துவரின் மேசைமேல் ஏற்றினால் எந்த நாயும் இருமிக் காட்டாது. அடுத்து, ஜூலி நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள், ஏறி இறங்கினால் ஒன்று. மூன்று நாள் எண்ணிக் காலண்டரில் குறித்து வையுங்கள். 30க்குள் இருந்தால் நிம்மதி. தொடர்ந்து 30க்கு மேல் போனால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும். நாக்கோ ஈறோ நீலம் பாய்ந்தால் ஆட்டோ பிடிக்க வேண்டிய நேரம். எக்ஸ்ரே எடுக்கும்போது கழுத்தையும் மார்பையும் சேர்த்து, மூச்சை இழுக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். ஒரே படத்தில் குழாய் ஒழுங்காகத் தெரிந்து ஏமாற்றிவிடும். அருகில் வசதி இல்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது.

மனிதர்களுக்கான சிரப்பை இனித் தொடாதீர்கள். சளி இருமல் கூட்டு மருந்துகள் பலவற்றில் பாராசிட்டமால், மூக்கடைப்பு மருந்து, சில சர்க்கரையில்லா சிரப்புகளில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி எல்லாம் இருக்கும். எட்டு கிலோ உடம்புக்கு இவை விளையாட்டில்லை. சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையை மளமளவென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மருந்துக்கு முன் வீட்டில் மாற்ற வேண்டியவை உண்டு. கழுத்துப் பட்டையை இன்றே கழற்றுங்கள், அடையாள வில்லையை மட்டும் தளர்வான கயிற்றில் கட்டலாம். நடக்கக் கூட்டிப்போக மார்பில் மாட்டும் ஹார்னெஸ் வாங்குங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவை டெய்லர் டேப்பால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். மாட்டியபின் இரண்டு விரல் நுழைய வேண்டும், முன்பட்டை தொண்டையில் படாமல் மார்பெலும்பின்மேல் உட்கார வேண்டும். கொசுவத்தியும் வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் ஜூலி படுக்கும் அறையில் வேண்டாம். மே மாதம் நடையைக் காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள். வெயிலுக்காக முடியை மழிக்கச் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள். அந்த இரட்டை ரோமம் வெயிலைத் தடுக்கவும் செய்கிறது, மழித்தால் பழையபடி வளராமலும் போகலாம். சீப்பால் உள்முடியை வாரி எடுத்தால் போதும்.

8.7 கிலோ

இந்த உடல் அமைப்புக்கு 6.5 கிலோ போதும் என்று நினைக்கிறேன். சரியா என்று நீங்களே பார்க்கலாம். கையை விரித்து நீட்டி, புறங்கையை மற்றொரு கை விரலால் தடவுங்கள். எலும்பு மெல்லத் தட்டுப்படும், நல்ல எடையுள்ள நாயின் விலா அப்படி இருக்க வேண்டும். இப்போது கையைத் திருப்பி, கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதையைத் தடவுங்கள். ஜூலியின் விலா அப்படித்தான் இருக்கும்.

6.5 கிலோவுக்கு இறங்க வேண்டிய நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 285 கலோரி. நீங்கள் எழுதிய மெனுவைக் கூட்டினால் 200 மில்லி பாலில் 120, நாலு மேரி பிஸ்கட்டில் 100, ஒரு கிண்ணம் தயிர்சாதத்தில் 250, இரவு இரண்டு இட்லியில் 120. ஐயா தரும் முறுக்கையும் மிக்சரையும் சேர்க்காமலே 590 ஆகிறது. இரண்டு நாய்க்குப் போடுகிறீர்கள்.

நாளைக்கே பாதியாக்கினால் நாயும் தாங்காது, நீங்களும் தாங்கமாட்டீர்கள். பாலை நிறுத்துங்கள். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிப்பதில்லை, ஜூலிக்கு அடிக்கடி வயிறு கழிவதாகச் சொல்வதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். பத்து நாளில் படிப்படியாக உலர் உணவுக்கு மாற்றுங்கள். பாக்கெட்டில் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று பாருங்கள், 360 என்றால் நாளுக்கு 70 கிராம், இரண்டு வேளையாக. டம்ளரால் அளக்க வேண்டாம், சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். பத்து கிராம் கூடினாலும் இந்த உடம்புக்கு அது பெரிய அளவு. நொறுக்குத் தீனி மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஜூலிக்கு அது ஒரு நாளைக்கு ஒரு மேரி பிஸ்கட். அதையே எட்டாக உடைத்து எட்டுத் தடவை கொடுங்கள். நாய்க்குத் துண்டின் அளவு முக்கியமில்லை, எத்தனை தடவை கை நீள்கிறது என்பதுதான் கணக்கு. பசியோடு சுற்றினால் உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸ், பூசணி, பச்சை வெள்ளரி.

வீட்டுச் சாப்பாடுதான் போடுவேன் என்றால் போடலாம். ஆனால் சோறும் ஈரலும் மட்டும் போட்டால் சுண்ணாம்புச் சத்து விழும், தினமும் ஈரல் கொடுத்தால் வைட்டமின் ஏ மிஞ்சும். கணக்கிட்டுத் தரும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாம்பாரும் சிக்கன் குழம்பும் கலந்த சோறு எந்த நாய்க்கும் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். பாயசத்து உலர்திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு இவையும் கூடாது.

வாரத்துக்கு 100 கிராம் குறைந்தால் நல்ல வேகம். மொத்தம் ஐந்து மாதம் ஆகும். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நிற்கும் முறை இங்கே உதவாது, 100 கிராம் அதில் தெரியாது. மாதம் இருமுறை கிளினிக் தராசில் போடுங்கள். இருமலுக்கு நான் முதலில் எழுதும் சீட்டு இந்தத் தராசுதான். முதல் ஒரு கிலோ இறங்கும்போதே வித்தியாசம் தெரியத் தொடங்கும். உணவை ஒழுங்காக அளந்தும் இறங்கவில்லை என்றால் தைராய்டு பார்க்கலாம்.

வாய்

வாயருகே கை போனால் உறுமுவதை 'திமிர்' என்று எழுதியிருக்கிறீர்கள். சின்ன நாயின் சின்னத் தாடையிலும் 42 பற்கள் இருக்க வேண்டும். நெருக்கியடித்து முளைத்து, நடுவில் உணவு தங்கி, காரை படிந்து, ஈறு சீழ்வைக்கும். சில நாய்களுக்குப் பால் கோரைப்பல் விழாமலே புதுப் பல் பக்கத்தில் முளைத்து இரட்டையாக நிற்கும். உதட்டை மெல்ல உயர்த்திக் கோரைப்பல்லைப் பாருங்கள், விடவில்லையென்றால் வற்புறுத்தாதீர்கள். உலர் உணவைக் கீழே போட்டுப் போட்டு எடுப்பது, ஒரு பக்கமாக மெல்லுவது, முகத்தைக் காலால் தேய்ப்பது எல்லாம் பல்வலியின் அடையாளங்கள்.

இதற்கு மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும், ஆடுகிற பல்லை எடுக்க வேண்டும். மயக்கம் இல்லாமல் சுரண்டித் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். வெளியே பளிச்சென்று இருக்கும், சீழ் ஈறுக்குள்ளேயே இருக்கும். மயக்கத்துக்கு முன் கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனையோடு ரத்தத் தட்டணு எண்ணிக்கையும் பாருங்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் வெளியே தெரியாமல் தட்டணுவைக் குறைத்துவைத்திருக்கும், கத்தி வைத்தபின்தான் ரத்தம் உறையவில்லை என்பது தெரியவரும். மூச்சுக்குழாய்ச் சந்தேகம் இருப்பதை மயக்கம் கொடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பல்லையும் கருத்தடையையும் ஒரே மயக்கத்தில் முடிப்பதா என்று அவரே பார்த்துச் சொல்லட்டும். வாயில் சீழ் அதிகமானால் தனித்தனியாகச் செய்வதைத்தான் நான் விரும்புவேன். பிறகு தினமும் நாய்களுக்கான பற்பசையால் துலக்குங்கள். நம் பற்பசை வேண்டாம், நாய் அதைத் துப்பாது.

உண்ணிக்கு ஒரே வரி: எட்டு கிலோவுக்கான அளவு மாத்திரையை மாதமோ மூன்று மாதமோ, பெட்டியில் போட்டபடி தவறாமல் கொடுங்கள், ஜூலிக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மட்டும் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சங்கத்தின் கடிதம்

நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்தக் கேள்வி எல்லா கிளினிக்கிலும் வருகிறது. இந்திய விலங்குகள் நல வாரியம் 26 பிப்ரவரி 2015இல் குடியிருப்போர் சங்கங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. சங்கம் தன் துணைவிதியைத் திருத்தியோ, பெரும்பான்மை வாக்கெடுத்தோகூட வளர்ப்பு நாயைத் தடைசெய்ய முடியாது. லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சொல்லவோ அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவோ கூடாது. வீட்டைக் காலி செய் என்று மிரட்டுவதும் செல்லாது. அந்த வழிகாட்டுதலின் நகலோடு ஒரு பணிவான பதில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

ஆனால் உங்கள் பக்கத்தையும் சரிசெய்துவிட்டுப் பேசுங்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். ரேபிஸ் சான்று வேண்டும், ஜூலியுடையது காலாவதி ஆகிவிட்டது. அந்த நிலையில் சங்கத்தோடு வாதாடினால் முதல் கேள்வியிலேயே தோற்பீர்கள். பொது இடத்தில் வாரில்லாமல் விடாதீர்கள், கழிவை நீங்களே அள்ளுங்கள். ஏற்கனவே ஒருமுறை கடித்த நாய் என்பது எழுத்தில் இருக்கும்போது, அலட்சியத்தால் இன்னொருவரைக் கடித்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறை அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

குரைப்பு? பழைய செல்போனை ரெக்கார்டிங்கில் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் வெளியே போய்வாருங்கள். லிஃப்ட் சத்தத்துக்கா, கிரில் கதவு வழியாக ஆளைப் பார்த்தா, தனிமையிலா என்று தெரிந்துவிடும். கிரில்லின் கீழ்ப் பாதியைத் துணியால் மறைத்தாலே பாதி அடங்கும் வீடுகள் உண்டு. சின்ன நாய்க்கு வீட்டுக்குள் ஓடுவதே போதும் என்பது இன்னொரு தவறான எண்ணம். காலை மாலை 15 நிமிடம், இழுத்துக்கொண்டு ஓடாமல், நின்று நின்று மோந்து பார்க்க விட்டு நடத்துங்கள். மூக்குக்கு வேலை கிடைத்த நாய் மதியம் தூங்கும். குரைத்தால் ஷாக் கொடுக்கும் பட்டையை மட்டும் வாங்கிவிடாதீர்கள், இந்தத் தொண்டைக்கு அது கொடுமை.

தோப்பு

ஐயாவின் கவலை பேரனைப் பற்றியது, அதில் தவறில்லை. ஆனால் ஐந்து வருடம் கட்டிலுக்கு அடியில் தூங்கிய குட்டைக்கால் நாய், தோப்பில் காவல் நாய்களோடும் பாம்போடும் உண்ணியோடும் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? பசியாலும் தாகத்தாலும் தவிக்கும்படி வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். முதல் தடவை அபராதம் இன்னும் 50 ரூபாய்க்கு மேல் போகாது என்பது வேறு கதை.

மூன்று மாதம் கொடுங்கள். பொய்ச்சினை அடங்கி, வாய் சரியாகி, கருத்தடை முடிந்தபின் ஜூலி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதுவரை பேரன் வரும் நாட்களில் இருவரும் ஒரே அறையில், பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் இருக்கவே கூடாது. ஜூலி சாப்பிடுவது கதவடைத்த அறையில். உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் அது தரும் எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்தினால் அடுத்த முறை முன்னறிவிப்பில்லாமல் கடிக்கும். வாயில் எதையாவது வைத்திருந்தால் பிடுங்காமல், பட்டாணி அளவு வேகவைத்த கோழித்துண்டைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் குழந்தையைப் பார்த்தால் சீறுகிறது, மகன் குடும்பம் நிரந்தரமாக உங்களோடு தங்கப்போகிறது என்றால், சிறு குழந்தை இல்லாத ஒரு வீட்டுக்குக் கொடுப்பது பாவமில்லை. கருத்தடை முடித்து, தடுப்பூசி அட்டையோடு, கடித்த விஷயத்தை மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள். முதலில் மகளைக் கேளுங்கள், அவர் வாங்கிய நாய். அந்தக் கேள்வியைக் கடிதத்தில் நீங்கள் எங்கும் எழுதவே இல்லை.

இந்த வாரம் மருத்துவரிடம் போகும்போது இருமல் வீடியோ, மூன்று நாள் மூச்சுக் கணக்கு, கடைசி ஹீட் தேதி, பழைய ஊசி அட்டை நான்கையும் எடுத்துப் போங்கள். சனிக்கிழமை பேரன் வருவதற்குள் அந்தச் செருப்பு வீட்டைவிட்டுப் போயிருக்க வேண்டும். ஜூலி இருக்கும்போது கையை விட்டு எடுக்காதீர்கள். ஐயா நடக்கக் கூட்டிப்போன நேரத்தில் எடுத்துவிட்டு, கட்டிலின் அடியை இரண்டு அட்டைப் பெட்டியால் அடைத்துவிடுங்கள்.